கீறல்

"தட்டுல கை வச்ச, கை இருக்காது."

எங்க மாமா வீட்டில் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே கண்டிப்பான சட்டம் இதுதான். பள்ளிக்கு மட்டம் போடலாம், ஆற்றில் குதிக்கலாம், அடுத்த லயத்துக் கோழியைத் துரத்தலாம். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப்பெட்டியை மட்டும் தொடக்கூடாது. அதில் மாமாவின் இசைத்தட்டுகள் இருந்தன. வார நாளில் மாமா செம்பனை ஆலையில் வயர்மேன். சனி, ஞாயிறிலும் திருவிழாவிலும் எங்கள் தோட்டத்துக்கு அவர்தான் மைக் செட். பத்தாங் பெர்ஜுந்தைக்கும் ஈஜோக்குக்கும் நடுவில் இருந்த தோட்டம் அது. இன்று பத்தாங் பெர்ஜுந்தையும் இல்லை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் இன்னும் பத்தாங் என்றுதான் சொல்கிறார்கள்.

நான் பிறந்தபோது தட்டு சுழற்றும் பெட்டி பழுதாகி மூலையில் கிடந்தது. கேசட்டே கடைசி மூச்சில் இருந்த காலம். ஆனாலும் சட்டம் மாறவில்லை. "கீறல் விழுந்துடும்டா." அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவன், இருபத்து நான்கு வயதில் முதல் மாதச் சம்பளத்தில் ஒரு டிஜே கண்ட்ரோலர் வாங்கி, கீறுவது எப்படி என்று காணொளி பார்த்துப் படித்தேன். மாமாவிடம் ஒரு வருஷம் சொல்லவில்லை.

தமிழில் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுகிறவரை 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்கிறோம். அது வெறும் கிண்டல் இல்லை, சரியான தொழில்நுட்ப விளக்கமும்கூட. இசைத்தட்டில் இருப்பது வெளியிலிருந்து உள்ளே போகும் ஒரே ஒரு நீண்ட பள்ளம். குறுக்கே கீறல் விழுந்தால் ஊசி அந்த இடத்தில் எகிறி, ஒரு சுற்றுக்கு முந்தைய பள்ளத்தில் விழும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. ஆக, பாடகர் அந்த 1.8 வினாடியையே விடியும்வரை பாடிக்கொண்டிருப்பார். இன்று என் கண்ட்ரோலரில் 'லூப்' என்று ஒரு பொத்தான் உண்டு. அது செய்வதும் இதையேதான். பழுது என்று மாமா பயந்ததைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

இந்தப் பழுது எப்படி வித்தையானது என்ற கதை நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தொடங்குகிறது. 1973 ஆகஸ்ட் 11. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன் கிளைவ் கேம்பல், கூல் ஹெர்க் என்று பேர் வைத்துக்கொண்டவர், தங்கச்சி ஏற்பாடு செய்த விருந்துக்குப் பாட்டுப் போடுகிறார். இடம் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடியின் பொது அறை. பாட்டு நடுவில் பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில வினாடிகளில்தான் கூட்டம் வெறிகொண்டு ஆடுகிறது என்பதைக் கவனித்தவர் அவர். அதே தட்டு இரண்டை இரண்டு பெட்டியில் வைத்து, ஒன்றில் தாளம் முடியும்போது மற்றதில் தொடங்கிவைத்து, அந்தச் சில வினாடிகளை நிமிடக்கணக்கில் இழுத்தார்.

அந்தப் பகுதியும் லேசுப்பட்ட இடம் இல்லை. நடுவில் நெடுஞ்சாலை போடுவதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கிளப்பி, மிச்ச கட்டடங்கள் கவனிப்பாரற்று எரிந்துகொண்டிருந்த காலம். நெடுஞ்சாலைக்காகவும் வீடமைப்புக்காகவும் ஆட்களைக் கிளப்புவது என்றால் என்ன என்று சிலாங்கூர் தோட்டத்துப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை.

கையால் தட்டைத் தேய்க்கும் ஒலியைக் கண்டுபிடித்தது ஒரு சின்னப் பையன். தியோடர் லிவிங்ஸ்டன். பின்னாளில் கிராண்ட் விசர்ட் தியோடர். எழுபதுகளின் நடுவில் வீட்டில் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறான். அம்மா வந்து கதவைத் தட்டி ஏசுகிறார். அம்மா பேசி முடிக்கும்வரை தட்டைக் கையால் பிடித்து, முன்னும் பின்னும் லேசாக அசைத்துக்கொண்டே நிற்கிறான். ஸ்பீக்கரில் வந்த அந்த ஒலி அவனுக்குப் பிடித்துப்போனது. அவனே சொல்லும் கதை இது. எனக்கு இதில் பிடித்தது அந்த அம்மாதான். அவர் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால்?

அதே தெருக்களில் இருந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். ஒரு தட்டு ஒலிக்கும்போதே அடுத்ததைக் காதணியில் கேட்டுப் பார்க்கும் சுவிட்சை அவரே பற்றவைத்துச் செய்தார். தட்டுக்கு அடியில் இருந்த ரப்பர் விரிப்பு கையோடு ஒட்டிக்கொண்டு தொல்லை தந்ததால், ஃபெல்ட் துணி வாங்கி, கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்து, வழுக்கும் விரிப்பு ஒன்றை உருவாக்கினார். அடியில் மோட்டார் ஓடும், மேலே தட்டு கையில் நிற்கும். 1983இல் ஹெர்பி ஹான்காக்கின் 'ராக்கிட்' வந்தபோது இந்தத் தேய்ப்பு ஒலி உலகம் முழுக்கப் போய்விட்டது.

தேய்ப்பு பிராங்ஸில் பிறந்தது என்றால், எஃபெக்ட்ஸ் பிறந்தது ஜமைக்காவில். கிங்ஸ்டன் நகரில் கிங் டபி என்று ஒருவர். அடிப்படையில் ரேடியோ ரிப்பேர்காரர். ஆம்ப்ளிஃபயர் கட்டித்தருவார், மின்மாற்றி சுற்றித்தருவார். பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் மட்டும் விட்டு, நடுவில் ஒரு சொல்லை மட்டும் எதிரொலியில் வீசி, கலவைப் பலகையையே வாத்தியமாக வாசித்தவர். அவர் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு மாமா ஞாபகம்தான் வந்தது. சட்டைப்பையில் டெஸ்டர், எதிரில் பிரித்துப்போட்ட ஆம்ப்ளிஃபயர். மாமாவுக்குக் கிங்ஸ்டன் எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூடத் தெரியாது.

ஆனால் எதிரொலி தெரியும். நன்றாகவே தெரியும். எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில், "பக்தகோடிகளுக்கு ஓர் அறிவிப்பு... றிவிப்பு... விப்பு..." என்று வரும் குரல் இல்லாமல் திருவிழாவே கிடையாது. மாமாவின் ஆம்ப்ளிஃபயரில் 'எக்கோ' என்று ஒரு திருகு. தலைவர் பேசினால் பாதி, பூசாரி பேசினால் முழுசு. "சாமி விசயம் தூரத்துல இருந்து வந்த மாதிரி இருக்கணும்டா" என்பது மாமாவின் ஒலியியல் கோட்பாடு. அதை விடச் சரியாக இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

அந்த மாதிரித் திருகுகள் பலவற்றுக்குப் பின்னால் இருந்தது ஒரு சிப். 1969இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டேர் என்ற இருவர் உருவாக்கிய சுற்று. தீப்பிடித்த வீட்டுக்கு வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றுவது போல, ஒலியைச் சின்னச் சின்ன மின்தேக்கிகளில் கைமாற்றிக்கொண்டே போகும். கடைசி ஆளிடம் வாளி வந்து சேர நேரமாகும். அந்தத் தாமதம்தான் எதிரொலி. அதனால் அதற்கு 'வாளி வரிசை' என்றே பெயர். கைமாறும்போது கொஞ்சம் சிந்தும், அதனால்தான் ஒவ்வொரு எதிரொலியும் முந்தியதைவிட மங்கலாக இருக்கும். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் இதை நடத்தியபோது, வகுப்பில் நான் ஒருத்தன்தான் சிரித்திருப்பேன். பால் வாளியோடு வரிசையில் நின்ற ஆட்களின் பேரன் நான்.

இங்கே ஓர் இடைச்செருகல். கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நடப்பட்டது. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்பு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கொன்கூர் பரிசும் வாங்கினார். அந்தத் தோட்டத்தின் பெயர் தெனாமாரம். தென்னைமரம்! மலாயாச் செம்பனையின் முதல் படிக்குத் தமிழில் தென்னைமரம் என்று பேர். ரப்பரும் செம்பனையும் வரலாற்றில் ஏறிவிட்டன. அந்தத் தோட்டங்களில் மக்கள் எதைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், யார் கேட்கவைத்தார்கள் என்பது ஏறவில்லை. தோட்டத்துக்கு ஒரு மாமா இருந்திருப்பார். ஒருவர் பெயரும் எங்கேயும் கிடையாது.

சரி, தட்டுக்கு வருகிறேன். டிஜேக்களின் வண்டிமாடு என்று ஒரு பெட்டி உண்டென்றால் அது டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200. ஜப்பானின் மட்சுஷிடா 1972இல் கொண்டுவந்தது. மற்ற பெட்டிகளில் மோட்டாரும் தட்டும் ரப்பர் பெல்ட்டால் இணைந்திருக்கும். கையால் நிறுத்தினால் பெல்ட் நழுவும், விட்டால் மெதுவாக வேகம் பிடிக்கும். இதில் மோட்டாரின் அச்சே தட்டின் அச்சு. 1979இல் வந்த எம்.கே.2 நின்ற நிலையிலிருந்து முழு வேகம் பிடிக்க 0.7 வினாடி போதும். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர்களுக்காகச் செய்ததைத் தெருப்பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். 2010இல் உற்பத்தியை நிறுத்தினார்கள், 2016இல் மறுபடி தொடங்கினார்கள். 2019இல் வந்த எம்.கே.7 தயாராவது மலேசியாவில்.

இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. எண்பதுகளில் எங்கள் லயத்துப் பெண்கள் பால்வெட்டை விட்டு ஷா ஆலம் பக்கம் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். விடியற்காலை இருட்டில் சடக்கோரத்தில் ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிற்பார்கள். என் சித்தி அப்படிப் போய்ப் பதினோரு வருஷம் மோட்டார் பாகங்களுக்குக் கம்பி சுற்றியவர். எந்தப் பெட்டிக்குள் போகிற மோட்டார் என்று கேட்டால், "யாருக்குத் தெரியும், நாள் ஒன்னுக்கு இத்தனைன்னு கணக்கு, அவ்வளவுதான்" என்பார்.

மலேசியத் தமிழர்கள் இந்தக் கலைக்குள் வந்த வழி பேச்சு, அதாவது ராப். தொண்ணூறுகளில் பொயட்டிக் அம்மோ குழு. பிறகு 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு. அதில் 'மடை திறந்து'. 1980இன் 'நிழல்கள்' படப் பாட்டை எடுத்து அதன்மேல் ராப் கட்டியது. எனக்கு அப்போது பத்து வயது. மாமாவிடம் 'நிழல்கள்' தட்டே இருந்தது. புதுப் பாட்டை வானொலியில் கேட்டுவிட்டு, "ராஜா பாட்டக் கெடுத்துட்டானுங்க" என்று ஒரு வாரம் திட்டினார். இரண்டாம் வாரம் மோட்டார் சைக்கிள் கழுவும்போது அவரே அந்த ராப் பகுதியை 'டக டக' என்று வார்த்தை இல்லாமல் முனகிக்கொண்டிருந்தார். அம்மா சாட்சி.

தட்டுக்குள் கணினி புகுந்தது 2000களின் தொடக்கத்தில். 2001இல் பயனியரின் சி.டி.ஜே.1000 குறுந்தட்டையே தேய்க்கவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது ஃபைனல் ஸ்கிராட்ச், 2004இல் செராட்டோ ஸ்கிராட்ச் லைவ் போன்றவற்றின் தந்திரம். இதில் இருப்பதும் நிஜ இசைத்தட்டுதான். ஆனால் பாட்டு இல்லை, ஒரு விசில் மட்டும். செராட்டோவில் 1,000 ஹெர்ட்ஸ். தட்டை மெதுவாக்கினால் விசில் இறங்கும், வேகமாக்கினால் ஏறும். கணினி அதைக் கேட்டுத் தன்னிடமுள்ள பாட்டை அதே வேகத்தில் ஓட்டும். திசை எப்படித் தெரியும்? இடது காது, வலது காது என்று இரண்டு தடத்திலும் அதே விசில், கால் அலை முன்பின்னாக. எது முந்துகிறது என்று பார்த்தால் தட்டு முன்னே போகிறதா பின்னே போகிறதா தெரிந்துவிடும். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கன்வேயர் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறதென்று சொல்லும் என்கோடரும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. என் கண்ட்ரோலரில் விசில்கூட இல்லை. வட்டச் சக்கரத்துக்கு அடியில் என்கோடர், மேலே விரலை உணரும் உலோகத் தகடு.

இதில் ஒரே எதிரி தாமதம். கணினி ஒலியை 256 மாதிரிகள் கொண்ட பொட்டலங்களாக அனுப்பினால், வினாடிக்கு 44,100 கணக்கில் ஒரு பொட்டலத்துக்கு 5.8 மில்லிவினாடி. கைக்குத் தெரியாது. 1,024 ஆக்கினால் 23. கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். சேற்றில் தேய்ப்பது போல இருக்கும்.

எஃபெக்ட்ஸ் பற்றி என் அபிப்பிராயம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இன்றைய எங்கள் கல்யாண டிஜேக்கள் எதிரொலியைக் கறிவேப்பிலைபோல எல்லாவற்றிலும் போடுகிறார்கள். ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாளம் பிசகாமல் போகத் தெரியாதபோது, எக்கோவை முழுசாகத் திருகிவிட்டு அந்தப் புகைக்குள் அடுத்த பாட்டை இறக்குகிறார்கள். நானும் முதல் ஆறு மாதம் அதைத்தான் செய்தேன். நிமிடத்துக்கு 120 தாளம் ஓடும் பாட்டில் ஒரு தாளம் 500 மில்லிவினாடி. எதிரொலியை 375இல் வைத்துப் பாருங்கள், தாளத்துக்கு நடுவில் இன்னொரு தாளம் முளைக்கும். அது கலை. மிச்சமெல்லாம் மாமாவின் 'பக்தகோடிகளே'.

தேய்ப்பு எனக்குப் பிடிபட்டது எந்தக் காணொளியாலும் இல்லை. ஒரு வருஷம் முயன்றும் என் தேய்ப்பு எலி கத்துவது போலத்தான் இருந்தது. ஒரு தைப்பூசத்தில் பத்துமலை அடிவாரத்தில் உறுமி மேளக் குழுவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உறுமியின் ஒரு முகத்தை அடிப்பார்கள். இன்னொரு முகத்தை அடிப்பதில்லை. வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்ப்பார்கள். 'ஊம்ம்...' என்று வயிற்றுக்குள்ளிருந்து வருமே, அது. அழுத்தம் கூடினால் குரல் மாறும், வேகம் கூடினால் ஏறும். வலது கை துண்டு துண்டாக வெட்டும், இடது கை இழுக்கும். ஒரு கை சக்கரத்தில், ஒரு கை ஃபேடரில். இத்தனை நாள் பிராங்ஸில் தேடிக்கொண்டிருந்தது என் காதுக்கு ஒரு முழம் தள்ளி நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து இங்கே வந்தது என்று சொல்லவரவில்லை. இரண்டு ஜனம் தனித்தனியாக ஒரே உராய்வில் போய் நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

மாமாவிடம் அதன்பிறகுதான் கண்ட்ரோலரைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு கேசட்டைக் கொண்டுவந்தார். 1991 தீமிதித் திருவிழா. மைக் செட்டிலிருந்தே நேராகப் பதிந்தது. தோட்டம் கைமாறி லயங்களை இடித்தபோது கோயிலும் சடக்கோரத்துக்கு நகர்ந்துவிட்டது. இன்று அங்கே வீடமைப்பு. அந்த மண்ணில் பதிந்த ஒலி என்று மிஞ்சியது இந்த ஒன்றுதான்.

அதில் உறுமி இருந்தது. உறுமிக்குள் என் பாட்டியும் இருந்தார். அருள் வந்து, முழு எக்கோவில், யார் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டவர். அவர் குரலை முதன்முதலாக அன்றுதான் கேட்டேன்.

அந்த வருஷம் பழைய தோட்டத்து ஆட்கள் பெஸ்தாரி ஜெயாவில் மண்டபம் எடுத்து ஓர் ஒன்றுகூடல் வைத்திருந்தார்கள். பாட்டு என் பொறுப்பு. உறுமியை மட்டும் எடுத்துத் தேய்க்கலாம் என்று யோசனை. இப்போது பாட்டிலிருந்து குரல், டிரம்ஸ், பேஸ் என்று பிரித்தெடுக்கும் மென்பொருள் உண்டு. கேசட்டைக் கணினியில் ஏற்றிப் பிரித்தேன். டிரம்ஸ் தடத்தில் பம்பையும் தவிலும் வந்தன. உறுமியைக் காணோம். குரல் தடத்தைத் திறந்தால் பாட்டியும் உறுமியும் ஒன்றாக இருந்தார்கள். அந்த மென்பொருள் உறுமியை மனுஷக் குரல் என்று நினைத்துவிட்டது. மூன்று மென்பொருள் மாற்றிப் பார்த்தேன். பிரியவில்லை.

அம்மா காதில் விழுந்ததும் ஒரே வார்த்தை. "சாமி வாக்க வச்சி வெளயாடாத." அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆட்டத்துக்கு எடுத்தது ஆட்டமாகத்தான் முடியும். பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. அவர்கள் பிள்ளைகள் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் எடுக்காமல் விட்டால் அந்த நாடா எத்தனை வருஷம் தாங்கும்? பூஞ்சை ஏற்கெனவே பிடித்திருந்தது.

ஒன்றுகூடலில் அதைப் போடவில்லை. 'மடை திறந்து' போட்டேன், புதுசும் பழசும் ஒன்றுக்குள் ஒன்றாக. கிழவர்கள்கூட எழுந்து ஆடினார்கள். சாமான் கட்டும்போது மணி பன்னிரண்டு. மண்டபத்தில் நாற்காலி அடுக்குகிறவர்களைத் தவிர ஆள் இல்லை. மாமா வந்து பக்கத்தில் நின்றார்.

"அத ஏத்திருக்கியா இதுல?"

"இருக்கு மாமா."

"போடு. மெதுவா."

போட்டேன். உறுமி வந்தது. பாட்டி வந்தார். மாமா சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி எங்கடா?"

"ஊசி கெடையாது மாமா."

"அப்ப கீறல் விழாது?"

"விழாது. எத்தன தடவ தேச்சாலும் தேயாது."

சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு விரலைச் சக்கரத்தின் மேல் வைத்தார். பாட்டி நின்றார். பின்னால் இழுத்தார், முன்னால் விட்டார். கோணல்மாணலாக, தாளமே இல்லாமல். யாரோ ஒருவர் பேர் பாதியில் நின்று, திரும்பி, மறுபடி வந்தது.

"எங்கப்பா பேருடா இது" என்றார் மாமா. மறுபடியும் பின்னால் இழுத்தார்.